வெளியார் கட்டத்தில் ஒரே முகம்

என் மனைவிக்கு மாவட்ட விருது கொடுத்த அன்று நான் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன். உள்ளங்கை எரிந்தது. வயிறு அதைவிட எரிந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த வட்ட வழங்கல் அலுவலர் என் தொடையில் தட்டி, "குடுத்து வச்சவரு அண்ணாச்சி நீங்க" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு ஆமாம் என்றேன்.

பொது வேண்டுதல் நாள் என்றால் என்னவென்று இப்போது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அதற்குள் பட்டை எப்படி வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டுக்குள் புகுந்து குழப்பியது அந்தப் பட்டைதான்.

மூன்று வருடம் தொடர்ந்து மழை பொய்த்தபோது அரசாங்கம் இந்த நாளை அறிவித்தது. வெள்ளி என்றால் ஒரு சாரார் ஏன் என்று கேட்பார்கள், ஞாயிறு என்றால் இன்னொரு சாரார் கேட்பார்கள் என்று, யாருக்கும் சொந்தமில்லாத புதன்கிழமையைப் பிடித்தார்கள். ஆவணி மாதத்தின் இரண்டாவது புதன். காலை பத்தரை மணிக்குச் சங்கு ஊதும். அடுத்த பதினோரு நிமிடம் எல்லாரும் இருந்த இடத்தில் உட்கார்ந்து பிறர் நலனுக்காக வேண்டிக்கொள்ள வேண்டும். எந்தச் சாமி என்பது அவரவர் பாடு. சாமியே கிடையாது என்பவர்கள் மனதார நினைத்துக்கொண்டால் போதும்.

முதல் இரண்டு வருடம் பாதிப் பேர் தூங்கினார்கள். யாரோ ஒருவர் நீதிமன்றத்துக்குப் போனார். அலுவலக நேரத்தில் பதினோரு நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பதை வேண்டுதல் என்று அரசாங்கம் எப்படி நிரூபிக்கும் என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலாக வந்ததுதான் நெற்றிப்பட்டை. நம் மனதுக்குள் ஓடும் வார்த்தைகள் அதற்குத் தெரியாது. ஆனால் மனதில் ஒரு முகம் எழுந்தால் அதைப் பிடித்துவிடும். முடிந்ததும் ஒரு சீட்டு வரும். அதில் நான்கு கட்டங்கள்: தனக்காக, குடும்பத்தாருக்காக, வெளியாருக்காக, யாருக்காகவும் இல்லை. நூற்றுக்கு எவ்வளவு என்று ஒவ்வொன்றிலும் ஓர் எண் இருக்கும்.

வெளியாருக்காக வேண்டுகிறவர்தான் உயர்ந்த குடிமகன் என்று அரசாங்கம் முடிவு செய்தது. அதற்கு விருது, சால்வை, மேடை எல்லாம் வைத்தார்கள்.

நான் சுடலைமுத்து. நெடுங்குளம் வட்டத்தில் துணை வட்டாட்சியர். எங்கள் வட்டத்துக்குப் பட்டை அலுவலரும் நான்தான். என் சீட்டில் வருடா வருடம் ஒரே கணக்குதான் விழும். தனக்காக தொண்ணூற்று நாலு. அதில் எனக்கு வெட்கமில்லை. இரத்தக்கொதிப்பு, பதவி உயர்வு, முழங்கால் வலி என்று எனக்கே ஆயிரம் இருக்கிறது. மீதி ஆறு, வெளியாருக்காக. அந்த ஆறும் ஜெயபாலனின் முகம். அவருக்கு வெகுதூரத்தில் எங்காவது மாற்றல் கிடைக்க வேண்டுமென்று ஆண்டுதோறும் உருகி உருகி வேண்டுகிறேன். பட்டைக்கு முகம்தான் தெரியுமே தவிர, எதற்காக நினைத்தோம் என்பது தெரியாது. ஆகவே அந்த ஆறும் என் நல்ல குணத்தில் சேர்ந்துவிடும்.

ஜெயபாலன் எங்கள் ஊர் போஸ்ட் மாஸ்டர். என் மனைவி சண்முகவடிவு அங்கே கவுண்டரில் வேலை பார்க்கிறாள். அந்த ஆள் தினமும் தேய்த்த சட்டை போடுகிறார். சாப்பிட்டாச்சா மேடம் என்று விசாரிக்கிறார். ஒரு மழை நாளில் தன் குடையை அவளிடம் கொடுத்து அனுப்பினார். குடை கொடுத்தது குற்றமா என்று நீங்கள் கேட்கலாம். அதே கேள்வியை வடிவும் கேட்டாள். அன்றிலிருந்து மாதம் ஏழெட்டு முறை அஞ்சல்தலை வாங்குகிற சாக்கில் நான் அங்கே போய் நிற்கிறேன். எங்கள் வீட்டில் ஒரு டப்பா நிறைய அஞ்சல்தலை இருக்கிறது. கடிதம் எழுதத்தான் ஆளில்லை.

இந்த வருடம் வடிவின் சீட்டில் வெளியாருக்காக நூறு என்று வந்தது. மாவட்டத்திலேயே அவள் ஒருத்திக்குத்தான் நூறு. ஊரே கொண்டாடியது. ஆனால் பட்டை அலுவலரின் கைக்கு இன்னொரு தாளும் வரும். பொதுமக்களுக்கு அதைக் காட்டுவதில்லை. எத்தனை முகங்கள் எழுந்தன என்பது அதில் இருக்கும். சாதாரணமாக ஒருவருக்கு இருபது, முப்பது முகம் ஓடும். வேண்டுதலுக்கு நடுவே பால்காரர் வருவார், கல்லூரித் தோழி வருவாள், பாத்திரக்கடைக்காரர்கூட வருவார். வடிவின் தாளில் ஒன்று என்று இருந்தது. பதினோரு நிமிடமும் ஒரே முகம். அதுவும் வெளியார்.

இப்போது சொல்லுங்கள், நான் எப்படிக் கைதட்டுவது?

மேடையில் கலெக்டரம்மா சால்வை போர்த்திவிட்டு, யாருக்காக வேண்டினீர்கள் என்று விளையாட்டாகக் கேட்டார். வடிவு மைக்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள். "ஒருத்தங்க நல்லா இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன் மேடம். பேரு சொல்லணும்னு சட்டமில்லையே" என்றாள். கூட்டம் சிரித்துக் கைதட்டியது. மூன்றாவது வரிசையில் ஜெயபாலன் எழுந்து நின்றே தட்டினார். திரும்பித் திரும்பிப் பார்த்ததில் என் கழுத்து பிடித்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டுவிட்டேன். அவள் சால்வையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒத்த முகம். பதினோரு நிமிஷமும். யாரு அது?"

"அதெல்லாம் நீங்க பாக்கலாமா?"

"நான் பட்டை அலுவலர்."

"வீட்டுலயுமா?"

ஜெயபாலன் பெயரைச் சொன்னேன். குடை, தேய்த்த சட்டை, சாப்பிட்டாச்சா எல்லாவற்றையும் சொன்னேன். ஏழு வருடமாகச் சேர்த்து வைத்ததை ஒரே மூச்சில் கொட்டினேன். அவள் என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"உங்ககிட்டதான் மெஷின் இருக்கே. நீங்களே கண்டுபிடிங்க" என்றாள். "கண்டுபிடிச்சதும் எங்கிட்ட வந்து சொல்லணும். அதுக்குப் பொறவு நான் இந்த வீட்டுல இருக்கணுமா வேண்டாமான்னு பேசுவோம்."

அன்றே தன் துணிமணிகளை மகளின் அறைக்கு மாற்றிக்கொண்டாள். மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள். அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு இல்லை. சாப்பாடு மேசைக்கு வரும். அவள் வரமாட்டாள். இருபத்திரண்டு வருடக் கல்யாணம் ஒரு சீட்டின் மேல் நின்றுகொண்டிருந்தது. அது தெரிந்தும் எனக்கு இருந்த ஒரே எண்ணம், அந்த முகம் யாருடையது என்பதுதான்.

தோதாக மாநில அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. மாநில விருதுக்குப் போவதற்கு முன், வேண்டப்பட்டவர் இரத்த உறவோ திருமண உறவோ இல்லை என்பதைப் பட்டை அலுவலர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். பத்து நாள் கெடு. சரிபார்க்கப்படுகிறவர் அலுவலரின் சொந்தக்காரராக இருந்தால் பக்கத்து வட்டத்துக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு விதியும் உண்டு. பயிற்சி வகுப்பில் அந்த விதியை எல்லாருக்கும் உரக்க வாசித்துக் காட்டியவன் நான்தான். படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

சகாயராஜ் பட்டைகளைப் பழுதுபார்க்கிறவர். செவ்வாய்க்கிழமைதோறும் வருவார். என் வயதுக்காரர், அனாவசியமாக ஒரு வார்த்தை பேசாதவர். அவரிடம் படிவத்தைக் காட்டி, அந்த முகத்தைத் திரையில் வரைந்து காட்ட முடியுமா என்று கேட்டேன்.

"வரையாது அண்ணாச்சி. மனசுல எழும்புற முகத்துக்கு ஒரு அச்சு இருக்கும். அந்த அச்சை முதல்ல குடும்ப அட்டை போட்டோவுல வச்சுப் பாக்கும். நூத்துக்கு அறுவதுக்கு மேல ஒட்டுச்சுன்னா குடும்பத்தார். ஒட்டலைன்னா வெளியார்னு எழுதிட்டுப் போயிரும். அது யாருன்னு தேடாது."

"நாம தேடலாமா?"

"படிவம் இருந்தா தேடலாம்" என்றார். படிவத்தில் இருந்த பெயரை அவரும் படித்திருப்பார். மெஷினைப் போட்டார்.

முதலில் ஜெயபாலனின் படத்தை வைத்துப் பார்க்கச் சொன்னேன். ஒட்டவில்லை. பதினாறுதான் வந்தது. சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஏழு வருடமாகப் பார்த்துப் பார்த்து வளர்த்த பகை. அஞ்சல்தலைக்கே எவ்வளவு அலைந்திருப்பேன். இன்னொரு முறை பாரும் என்றேன். மறுபடியும் பதினாறு.

பிறகு வட்டம் முழுவதும் குடும்ப அட்டைப் படங்களில் தேடினோம். இல்லை. மாவட்டம், இல்லை. மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு மாநிலம் முழுவதும் ஓட்டினோம். அதிலும் இல்லை. செத்துப்போனவராக இருக்கலாம் என்றார் சகாயராஜ். உயிரோடு இருப்பவன் என்றால் சட்டையைப் பிடிக்கலாம். செத்தவனிடம் என்ன செய்வது? அவன் கடைசிவரை நல்லவனாகவே இருந்துகொண்டிருப்பான். இறந்தவர் பட்டியலையும் பார்த்தோம். அங்கேயும் இல்லை.

"இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. அரசு ஊழியர்களோட பணிப்பதிவேடு. வேலையில சேந்தப்ப ஒட்டுன போட்டோ எல்லாம் ஏத்தி வச்சிருக்காவ" என்றார்.

ஐந்து நிமிடத்தில் ஒட்டியது. தொண்ணூற்று ஏழு.

திரையில் படம் வரவில்லை, எண் மட்டும்தான் வந்தது. பழைய முறை எண். எண்முறை மாறிப் பதினைந்து வருடம் ஆகிறது, பழைய எண்கள் யாருக்கும் நினைவில் இல்லை, ஆகவே யார் எவர் என்று பார்த்ததும் தெரியாது. ஆனால் எண்ணின் முன்பாதி எங்கள் அலுவலகத்துடையது. எங்கள் அலுவலகத்திலேயே ஒருவன். என் மூக்குக்குக் கீழேயே. அந்தக் காலத்து எழுத்தர்கள், உதவியாளர்கள், ஓட்டுநர் வரைக்கும் ஒவ்வொருவராக மனதில் நிறுத்தி வைத்து ஏசிக்கொண்டே பதிவறைக்குப் போனேன். சகாயராஜ் பின்னால் வந்தார்.

மூன்றாவது அலமாரியில் கட்டு கிடைத்தது. சிவப்புத் துணியை அவிழ்த்து, எண்ணைப் பார்த்து எடுத்து, முதல் பக்கத்தைத் திருப்பினேன். பெயரைப் பார்க்கப் பொறுமை இல்லை. முகத்தைத்தான் பார்த்தேன். பார்த்த மாத்திரத்தில் அவனை எனக்குப் பிடிக்கவில்லை. ஒல்லியான ஆள், அடர்ந்த மீசை. சிரிக்கக் கூடாத படத்தில் சிரிப்பை அடக்கத் தெரியாமல் அடக்கியிருந்தான். கண்ணில் அப்படி ஒரு தெளிவு. இவனைப் பெண்களுக்குப் பிடிக்கத்தான் செய்யும் என்று பொருமினேன். அதற்குப் பிறகுதான் சட்டை கண்ணில் பட்டது. இரண்டாவது பொத்தான் மட்டும் வேறு நிறம். அது என் அண்ணனின் கல்யாணச் சட்டை. வேலையில் சேர நல்ல சட்டை இல்லாமல் நான் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு போனது.

முதலில் வந்தது சிரிப்பு. அட, நான்தானா. ஏழு வருடமாக நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. வடிவு எனக்காகத்தான் வேண்டியிருக்கிறாள். வயதானதில் பட்டைக்கு அடையாளம் தெரியாமல் போய்விட்டது, அவ்வளவுதான். இதைச் சகாயராஜிடம் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"வயசை மெஷின் கழிச்சுக்கிடும் அண்ணாச்சி. முடி கொட்டுனா, சதை போட்டா, முப்பது வருசம் போனாக்கூட ஒட்டும். எங்க அம்மா நெனப்புல நான் இன்னும் அரை நிக்கர்தான். அதுவும் ஒட்டத்தான் செய்யுது."

"அப்ப எனக்கு ஏன் ஒட்டலை?"

அவர் பதிவேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

"இது வேற முகம் அண்ணாச்சி. நான் என்ன சொல்ல" என்றார்.

அன்று ஐந்து மணிக்கே வீட்டுக்குப் போனேன். வடிவு முற்றத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். சொளகில் பாதி நிறைந்திருந்தது. நான் எதிரே போய் உட்கார்ந்தேன். பல நாளுக்குப் பிறகு அவளாகவே பேசினாள்.

"கண்டுபிடிச்சாச்சா?"

"ஆச்சு."

"யாரு?"

"நான்தான்" என்றேன். சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, அதையும் மறைக்கவில்லை.

"இல்ல" என்றாள். "நீங்க இல்ல."

கீரையை உருவிக்கொண்டே பேசினாள். அவள் அப்பா இறந்த வருடம் வாரிசுச் சான்றிதழுக்காக எங்கள் அலுவலகத்துக்கு நாலு முறை வந்தாள், அம்மாவையும் கூட்டிக்கொண்டு. நாலாவது முறை வி.ஏ.ஓ. கையெழுத்து இல்லை என்று திருப்பி அனுப்பியபோது அம்மா வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார்கள். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத ஒரு எழுத்தர் அந்தத் தாளை வாங்கிக்கொண்டு, கொட்டுகிற மழையில் சைக்கிளில் ஒன்பது கிலோமீட்டர் போய்க் கையெழுத்து வாங்கி வந்தான். தாள் நனையாமல் இருக்க டிபன் பாக்ஸுக்குள் வைத்துக் கொண்டு வந்தான். ஆள் தொப்பலாக நனைந்திருந்தான். இவ்வளவு சின்ன காரியத்துக்கு அழலாமா அம்மா என்று கேட்டுச் சிரித்தான்.

எனக்கு அது மறந்தே போயிருந்தது. டிபன் பாக்ஸ் மட்டும் லேசாக நினைவுக்கு வந்தது.

"அந்த ஆளைத்தான் கட்டிக்கிட்டேன்" என்றாள் வடிவு. "எப்ப போனாருன்னு தெரியலை. ஒரு நாள்ல போகலை. கொஞ்சங் கொஞ்சமாப் போயிட்டாரு. எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும், ஒருநாள் வீட்டுக்கு வரட்டும்னுதான் மூணு வருசமா வேண்டுதேன். நம்ம வீட்டு ஆளா இருந்தா மெஷின் சொல்லியிருக்கும்லா? வெளியாருன்னுதானே போட்டுருக்கு."

எனக்கு அவன்மேல் வந்த பொறாமை ஜெயபாலன்மேல் வந்ததைவிடப் பெரிது. உள்ளதைச் சொல்கிறேன். ஜெயபாலனுக்கு மாற்றலாவது கேட்கலாம். சட்டைகூடச் சொந்தமாக இல்லாத இந்தப் பயலை எங்கே அனுப்புவது? பதினோரு நிமிடம் முழுக்க அவனை நினைத்திருக்கிறாள். அதே நேரம் பக்கத்து அலுவலகத்தில் என் முழங்கால் வலிக்காக நான் வேண்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு, படிவத்தில் என்ன எழுதப் போகிறேன் என்று கேட்டாள்.

படிவத்தை எடுத்து மடியில் விரித்தேன். வேண்டப்பட்டவர் யார் என்ற இடம் காலியாக இருந்தது. கணவர் என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். மாநில விருது போய்விடும். போனால் போகட்டும். பதினோரு நிமிடமும் புருஷனையே நினைத்தவள் என்று வட்டம் முழுக்கப் பேசுவார்கள். வட்ட வழங்கல் அலுவலர் மறுபடியும் என் தொடையில் தட்டுவார். ஜெயபாலன் முகத்தை நான் நேராகப் பார்த்துச் சிரிக்கலாம். என் பேனா அந்த வார்த்தையை எழுதத் துடித்தது. எழுதினால் சான்று சட்டப்படி செல்லும், பதிவேடு சாட்சி.

வடிவு எழுந்து போகவில்லை, பேனாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உறவினர் அல்லர். வெளியார் எனப் பதிவானது சரியே" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இருபத்து நாலு வருட உத்தியோகத்தில் இவ்வளவு கஷ்டப்பட்டு நான் எந்தச் சான்றும் கொடுத்ததில்லை.

அவள் வாங்கி இரண்டு முறை படித்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

"அடுத்த வேண்டுதல் நாள் வரைக்கும் இருக்கேன்" என்றாள். பிறகு சொளகை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மாநில விருது வேறு மாவட்டத்துக்குப் போயிற்று. அந்த அம்மாள் நாற்பது பேருக்காக வேண்டினாராம். வடிவுக்கு அதில் வருத்தமில்லை. இப்போது சாப்பிட மேசைக்கு வருகிறாள். மகளின் அறையைக் காலி செய்யவில்லை.

நான் மீசை வளர்த்தேன். செவ்வாய்க்கிழமைதோறும் சகாயராஜ் முன்னால் உட்கார்ந்து ஒரு படம் எடுத்து, அந்த அச்சில் வைத்துப் பார்க்கச் சொல்வேன். முதல் வாரம் முப்பத்தொன்று. மீசை நன்றாக அடர்ந்த பிறகும் முப்பத்தொன்றுதான். மீசையில ஒண்ணுமில்ல அண்ணாச்சி என்றார். அண்ணனின் கல்யாணச் சட்டையை ஊரிலிருந்து வரவழைக்கலாமா என்றுகூட யோசித்தேன். வெட்கமாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

மாதங்கள் இப்படியே போயின. போன செவ்வாய் ஒரு பெண் வாரிசுச் சான்றிதழுக்கு மூன்றாவது முறையாக வந்து வராந்தாவில் நின்றாள். வி.ஏ.ஓ. கையெழுத்து இல்லை. எழுத்தர் திருப்பி அனுப்பப் பார்த்தார். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அன்று சைக்கிளில் போன அவனால் முடிந்தது என்னால் முடியாதா என்றுதான் இருந்தது. தாளை வாங்கி டிபன் பாக்ஸில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினேன். போகும்போது வெயில், வரும்போது நல்ல மழை. நாலு மணிக்கு நனைந்துபோய்த் திரும்பியபோது அந்தப் பெண் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். தாளைக் கொடுத்தேன். அவளிடம் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. சகாயராஜ் கிளம்பத் தயாராகிப் பையை மாட்டியிருந்தார். என்னைப் பார்த்ததும் பையை இறக்கி வைத்துவிட்டு, நான் கேட்காமலே ஒரு படம் எடுத்தார்.

"நாப்பத்தி நாலு" என்றார்.

குடும்பத்தார் கட்டத்தில் விழ அறுபது வேண்டும். ஆவணியின் இரண்டாவது புதனுக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது.